குறையைச் சொல்லி விற்ற துணிக்கடைக்காரர்

ஒவ்வோர் ஊர்க் கடைத்தெருவுக்கும் ஒவ்வோர் இயல்பு உண்டு. நம் திருத்தணிக் கடைத்தெருவின் இயல்பு என்னவென்றால், இங்கு வரும் வாடிக்கையாளர்கள் இரு வகையினராக இருப்பதாகும். முதல் வகையினர் உள்ளூர்க்காரர்களும், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, நகரி போன்ற சுற்றுப்புறத்து மக்களும் ஆவர். இவர்கள் இன்று வந்தால் அடுத்த மாதமும் வருவார்கள். வாங்கிய சாமான் சரியில்லையென்றால் கடை வாசலில் நின்று கேட்பார்கள். இரண்டாம் வகையினர் ஆடிக் கிருத்திகைக்கும், ஆண்டிறுதிப் படித் திருவிழாவுக்கும் மலைக்கு வருகிற வெளியூர் மக்கள். 365 படிகளையும் ஏறி இறங்கிய களைப்பில், பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ நேரமாகிவிட்ட அவசரத்தில், குழந்தைக்கு ஒரு சட்டையோ வீட்டுக்கு ஒரு பாத்திரமோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களில் பலரை நாம் ஆயுளில் மறுமுறை காணப் போவதில்லை.

முதல் வகையினரிடம் நாணயமாக நடந்துகொள்வதற்கு இறையச்சம்கூடத் தேவையில்லை, சுயநலமே போதும். ஏமாற்றினால் வாடிக்கை போய்விடும் என்ற பயம் எவரையும் நேராக்கிவிடும். ஆனால் இனி வரவே போகாத வாடிக்கையாளருக்குக் கிழிசலை மடிப்புக்குள் மறைத்து விற்றால் கேட்பார் யார்? வியாபாரியின் நாணயத்துக்கு உரைகல் இந்த இரண்டாம் வகையினர்தாம்.

இந்த உரைகல்லில் தேறிய ஒரு கடைக்காரரின் வாழ்க்கையை இம்மாதம் வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறோம். அவர் வேறு யாருமல்லர். ஹனபீகளான நாம் தொழுகையிலும் நோன்பிலும் எந்தப் பெருந்தகையின் சட்ட விளக்கத்தைப் பின்பற்றி வருகிறோமோ, ஷாபியீ சகோதரர்களும் எவரைக் கண்ணியத்துடன் நினைவுகூர்கிறார்களோ, அந்த இமாமுல் அஃளம் அபூஹனீபா (ரஹ்) அவர்களேதாம். அவர்களைப் பெரும் சட்டமேதையாக அறிந்திருக்கிறோம். அவர்கள் வாழ்நாளெல்லாம் ஒரு துணிக்கடைக்காரராகவும் இருந்தார்கள் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

கூஃபா நகரத்துக் கடை

இமாமவர்களின் இயற்பெயர் நுஃமான். தந்தையார் பெயர் ஸாபித். ஹிஜ்ரி 80-ல், அதாவது கி.பி. 699-ல், இராக்கிலுள்ள கூஃபா நகரில் பிறந்தார்கள். பாரசீக வமிசத்தைச் சேர்ந்த வியாபாரக் குடும்பம் அது. கூஃபாவோ ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் யூப்ரடீஸ் நதியோரம் அமைக்கப்பட்ட நகரம். ஹழ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மார்க்கம் போதித்த ஊர்; ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் தலைநகராகக் கொண்ட ஊர். அரபிகளும் பாரசீகர்களும், பல மொழியினரும் பல மதத்தினரும் கலந்து புழங்கிய சந்தை அங்கே இருந்தது.

அந்தச் சந்தையில் இமாமவர்கள் விற்ற துணிக்குக் 'கஸ்ஸு' என்று பெயர். பட்டும் கம்பளி நூலும் கலந்து நெய்யப்படும் உயர்ந்த ரகத் துணி அது. அம்ரு இப்னு ஹுரைஸ் என்பவரின் பெயரால் வழங்கிய பெரிய கட்டிடத்தில் அவர்களுடைய கடை இருந்ததென வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இளமையில் அவர்களுக்குக் கடையே உலகமாக இருந்தது. ஒருநாள் கடைத்தெருவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அக்காலத்தின் பேரறிஞரான இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் கண்ணில் பட்டார்கள். அந்த இளைஞரின் முகத்தில் அறிவின் களையைக் கண்ட ஷஅபீ அவர்கள், சந்தைக்கு மட்டும் போகாமல் ஆலிம்களின் சபைக்கும் போகும்படி அறிவுறுத்தினார்கள். அந்தச் சொல் உள்ளத்தில் தைத்தது. அதன்பின் ஹம்மாது இப்னு அபீஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் சேர்ந்து, ஆசிரியர் ஹிஜ்ரி 120-ல் மறையும்வரை, 18 ஆண்டுகள் பாடம் கேட்டார்கள். பிறகு ஆசிரியரின் இடத்தில் தாமே அமர்ந்தார்கள்.

இத்தனை ஆண்டுகளிலும் கடையை மூடிவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பங்காளிகளையும் வேலையாட்களையும் வைத்துக் கடையை நடத்திவந்தார்கள். முதலாளி பாடசாலையில் இருக்கும்போது, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். கடையின் நாணயம் அந்த வேறொருவரின் கையில் இருக்கிறது. இமாமவர்களுக்கு வந்த சோதனையும் அந்த வழியாகத்தான் வந்தது.

ஒரு பழுதுத் துணி

இமாமவர்களின் பங்காளி ஹப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்பவர். ஒருமுறை அவரிடம் சரக்குகளை விற்பனைக்கு ஒப்படைத்தபோது, இன்ன துணியில் இன்ன பழுது இருக்கிறது, வாங்குகிறவரிடம் அதைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று இமாமவர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஹப்ஸ் அவர்கள் கெட்டவரல்லர். விற்பனை மும்முரத்தில் மறந்துவிட்டார். பழுதுத் துணியும் மற்றத் துணிகளோடு முழு விலைக்குப் போய்விட்டது. வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. முகவரி இல்லை, அடையாளம் இல்லை. நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் வந்துபோகிறவரைப் போல வந்தார், போனார்.

செய்தி இமாமவர்களுக்கு எட்டியது. தேடிப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? பழுதின் மதிப்பை மட்டும் கணக்கிட்டு ஒதுக்கவில்லை. அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் ஸதக்காவாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகை 30,000 திர்ஹம் என்றும், அத்துடன் பங்காளியோடு கணக்கைப் பிரித்துக்கொண்டார்கள் என்றும் சில அறிவிப்புகளில் வந்திருக்கிறது.

சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஏமாந்ததே தெரியாத ஒருவருக்காக, அவர் திரும்பி வரப் போவதில்லை என்று தெரிந்தும், ஒரு வியாபாரி தம் கைப்பணத்தை இழக்கிறார். இதனால் அந்த வாடிக்கையாளர் மகிழ்ந்து மறுமுறை வருவாரென்ற எதிர்பார்ப்புக்கு இடமே இல்லை. விளம்பரமும் இல்லை. கலப்படமான அந்தக் காசு தம் பெட்டியில் தங்கக்கூடாது, தம் பிள்ளையின் வயிற்றில் இறங்கக்கூடாது என்ற ஒரே அச்சம்தான் இருந்தது.

பஸரா நகரத்திலும் இதையொத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்ற பெரியாரும் துணி வியாபாரியே. அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், கடையிலிருந்த அவருடைய சகோதரர் மகன் 200 திர்ஹம் பெறுமான ஆடையை ஒரு நாட்டுப்புறத்து அரபிக்கு 400 திர்ஹத்துக்கு விற்றுவிட்டார். வழியில் அந்த அரபியைக் கண்ட யூனுஸ் அவர்கள், அவரைக் கடைக்குத் திரும்ப அழைத்து வந்து 200 திர்ஹத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வாங்கியவர் மனமொப்பித்தான் வாங்கினார் என்று பையன் சொன்ன சமாதானத்தை அவர்கள் ஏற்கவில்லை. விலை தெரியாதவரின் சம்மதம் முழுச் சம்மதமாகாது என்பதே அவர்களுடைய கருத்து.

விற்க வந்த பெண்மணி

வாங்க வருகிறவரிடம் மட்டுமா நாணயம்? விற்க வருகிறவரிடமும் வேண்டும். ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்பதற்காக இமாமவர்களின் கடைக்கு வந்தார். விலை 100 திர்ஹம் என்றார். இமாமவர்கள் துணியைப் பார்த்துவிட்டு, இது அதைவிடக் கூடுதல் பெறும் என்றார்கள். அவர் 200 என்றார். இன்னும் பெறும் என்றார்கள். இப்படியே 400 வரை ஏறியது. அதற்குமேலும் பெறும் என்று சொன்னதும், கடைக்காரர் தம்மைக் கேலி செய்கிறாரோ என்று அந்தப் பெண்மணி வருத்தப்பட்டார். விலை மதிக்கத் தெரிந்த ஓர் ஆளை அழைத்து வரும்படி இமாமவர்கள் சொன்னார்கள். அவர் அழைத்து வந்தார். முடிவில் 500 திர்ஹம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெண்மணி கேட்டது 100; கொடுத்தது 500. நம் பக்கத்தில் தறி நெய்கிறவர்களிடம் சேலையும் லுங்கியும் கொள்முதல் செய்கிறவர்கள், பழைய நகை வாங்குகிறவர்கள், பழைய சாமான் எடுக்கிறவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். பண முடை உள்ளவர், விலை தெரியாதவர் வந்து நிற்கும்போது, சரக்கின் உண்மையான மதிப்பு யாருக்குத் தெரியும்? கடைக்காரருக்குத்தான். தெரியாதவருடைய அந்த அறியாமை கடைக்காரரின் கையில் வைக்கப்பட்ட அமானத்தாகும். அதை லாபமாக மாற்றிக்கொள்கிறவர் அமானத்தில் கை வைக்கிறார்.

மற்றொரு முறை ஒரு மூதாட்டி வந்து, தாம் ஏழை என்றும், கொள்முதல் விலைக்கே ஓர் ஆடையைத் தரும்படியும் கேட்டார். இமாமவர்கள் 4 திர்ஹத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இவ்வளவு உயர்ந்த துணி 4 திர்ஹமா என்று அந்த அம்மையார் மனம் நொந்தார். வயோதிகத்தைப் பரிகசிப்பதாக எண்ணினார். அப்போது இமாமவர்கள் கணக்கை விளக்கினார்கள். தாம் இரண்டு ஆடைகள் வாங்கியதாகவும், அவற்றில் ஒன்றை, இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த முதலில் 4 திர்ஹம் குறைய விற்றுவிட்டதாகவும், மீதமுள்ள இந்த ஆடை தமக்கு 4 திர்ஹத்தில் நிற்பதாகவும் சொன்னார்கள். கொள்முதல் விலை என்று ஒருவர் நம்பிக் கேட்டால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு சுத்தமான பொருள் கொடுத்தார்கள் பாருங்கள்!

கடையிலிருந்து சட்டத்துக்கு

இமாமவர்களின் மத்ஹபில் வியாபாரச் சட்டங்கள் எவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்பதை ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் அறிவார்கள். கடையில் நின்று துணியை அளந்த அனுபவம் அவற்றில் மணக்கிறது. சிலவற்றை மட்டும் எடுத்துக்காட்டுகிறோம்.

வாங்கிய பொருளில் ஏற்கெனவே இருந்த பழுது பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள வாங்கியவருக்கு உரிமை உண்டு. துணியை வெட்டிய பிறகு பழுது தெரிந்தால் என்ன செய்வது? வெட்டிய துணியைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது. ஆகவே பழுதினால் குறைந்த மதிப்பைக் கடைக்காரர் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் நியாயமான தீர்ப்பு இது.

பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்த பிறகு வேண்டாமென்று சொல்லும் உரிமையும் ஹனபீ மத்ஹபில் உண்டு. பார்த்து வாங்கினாலும், வீட்டில் கலந்து முடிவு செய்கிறேன் என்று நிபந்தனை பேசிக்கொண்டால் அதற்கும் இடமுண்டு. அந்தத் தவணை மூன்று நாள்வரை என்பது இமாமவர்களின் தீர்ப்பு. இன்று நகரத்துப் பெரிய கடைகளில் சரக்கை மாற்றிக்கொடுக்கத் தவணை சொல்வதை ஏதோ புதிய ஏற்பாடுபோல நினைக்கிறோம். நம் கிதாபுகளில் அது நூற்றாண்டுக் கணக்காகப் பாடம் நடந்துவருகிற விஷயம்.

இன்னொன்று மிகவும் முக்கியமானது. கொள்முதலைச் சொல்லி, அதன்மேல் இத்தனை லாபமென்று பேசி விற்பதற்கு 'முராபஹா' என்று பெயர். லாபமின்றி அசலுக்கே விற்பது 'தவ்லியா'. இவற்றில் சாயம் போட்ட கூலி, வெளுத்த கூலி, சுமைகூலி ஆகியவற்றை அசலோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் சேர்த்த தொகையை, வாங்கிய விலை என்று சொல்லக்கூடாது. எனக்கு இத்தனையில் வந்து சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நம் கடைத்தெரு மொழியில் சொல்வதானால், கொள்முதல் விலை வேறு, அடக்க விலை வேறு. பஸ் கூலியையும் சேர்த்துவிட்டு, இதுதான் நான் வாங்கிய விலை என்று சொன்னால் அது பொய். ஒரு சொல்லில் உள்ள நூலிழை வித்தியாசத்தைக்கூடச் சட்டம் விடவில்லை. இப்போது நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை, அசலுக்கே தருகிறேன், கைநஷ்டத்துக்குத் தருகிறேன் என்று வாயில் வந்ததைச் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்வோமாக.

குறையைச் சொன்னால் சரக்கு போகுமா?

குறையைச் சொல்லி விற்றால் யார் வாங்குவார் என்று வியாபார நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பழுதைக் காட்டினால் சிலர் வாங்காமல் போவார்கள். சிலர் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். ஆனால் பழுதைக் கண்ணால் கண்டு, குறைந்த விலைக்கு மனமொப்பி வாங்கியவர், அந்தப் பழுதுக்காகத் திருப்பித் தர முடியாது என்பதும் ஷரீஅத்தின் சட்டமே. சொல்லி விற்பது வாங்குகிறவரைக் காப்பதுபோலவே விற்கிறவரையும் காக்கிறது. சொல்லாமல் விற்ற சரக்கோ கடையை விட்டுப் போன பிறகும் கணக்கில் நின்றுகொண்டிருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மழையில் நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று அந்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு நமக்குத் தெரிந்ததே. நனைந்த தானியத்தை விற்கக்கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை. மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கத்தான் சொன்னார்கள். இமாமவர்களின் கடை அந்தப் போதனையின்மேல் நடந்தது.

இப்படி நடந்தால் செல்வம் குவிந்துவிடும் என்று நாம் வாக்குறுதி தர மாட்டோம். நேர்மையான கடைக்காரர் நொடித்துப் போவதையும், ஏமாற்றுகிறவர் மாடி கட்டுவதையும் கண்ணால் காண்கிறோம். வாடிக்கையாளரின் நம்பிக்கை என்பது ஒரு நாளில் வாங்கும் சரக்கல்ல. கண்ட நஷ்டங்கள் பல சேர்ந்து, காலம் கடந்து கிடைப்பது. கிடைக்காமலும் போகலாம். ஆனால் ஹலாலான ஒரு ரூபாயின் பரக்கத்தை ஹராமான நூறு ரூபாய் தராது என்பதில் முஃமினுக்குச் சந்தேகம் இருக்க முடியாது.

நம்பிக்கை தந்த சுதந்திரம்

இமாமவர்களுக்கு அந்த நம்பிக்கை நிறையவே கிடைத்தது. மக்கள் தங்கள் பணத்தையும் பொருளையும் அமானத்தாக அவர்களிடம் கொண்டுவந்து வைத்தார்கள். கிடைத்த லாபத்தைக் கொண்டு ஆலிம்களுக்கும் மாணவர்களுக்கும் உணவும் உடையும் வாங்கிக் கொடுத்தார்கள். வறுமையால் படிப்பை விடும் நிலையிலிருந்த அபூயூசுப் (ரஹ்) அவர்களின் குடும்பச் செலவைத் தாங்கியவர்களும் அவர்களே. அந்த ஏழை மாணவர்தாம் பிற்காலத்தில் கலீபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக விளங்கினார்.

கடன் கொடுத்த இடத்திலும் பேணுதல் தவறவில்லை. கடும் வெயிலில் ஒருமுறை ஒரு வீட்டின் சுவரோரம் நிழல் இருந்தும், இமாமவர்கள் ஒதுங்கி வெயிலிலேயே இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் தமக்குக் கடன் பட்டவரென்றும், கடனைக் காரணமாக வைத்து அவருடைய சுவர் நிழலைக்கூட அனுபவிக்கத் தாம் விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள். கடன்காரரிடம் ஓசியில் வேலை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கடைதான் அவர்களுக்குச் சுதந்திரத்தையும் கொடுத்தது. உமையாக்களின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி கொடுக்க முன்வந்தபோது மறுத்துச் சவுக்கடி பட்டார்கள். அப்பாஸியக் கலீபா மன்சூர் பக்தாதுக்கு அழைத்துக் காஜிப் பதவியை ஏற்கும்படி வற்புறுத்தியபோதும் மறுத்தார்கள், சிறையில் அடைக்கப்பட்டார்கள். அரண்மனையின் அன்பளிப்பை எதிர்பார்த்து வாழ்கிறவரால் இப்படி மறுக்க முடியுமா? சொந்தக் கையின் ஹலாலான சம்பாத்தியம் அவர்களின் நாவைக் காப்பாற்றியது.

ஹிஜ்ரி 150-ல், கி.பி. 767-ல், பக்தாதில் அந்தச் சோதனைக் காலத்திலேயே வஃபாத்தானார்கள். கூட்டம் தாங்காமல் ஜனாஸாத் தொழுகை ஆறு முறை நடத்தப்பட்டதாக வரலாறு கூறுகிறது. அவர்கள் அடங்கியிருக்கும் பகுதி அவர்களின் சிறப்புப் பெயராலேயே அஃளமிய்யா என்று இன்றும் வழங்குகிறது.

நம் கடைகளுக்கு

அன்பார்ந்த சகோதரர்களே! திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, அதன்பின் தமிழகத்துடன் இணைந்த ஊர். மாநில எல்லை மாறினாலும் கடைத்தெரு மாறவில்லை. தமிழ் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும், முருகனைக் கும்பிட வருகிறவரும் இன்றும் நம் கடைப் படியேறுகிறார்கள். அவர்கள் நம் கிதாபுகளைப் படித்தவர்களல்லர். நம் தராசையும், நாம் சொல்லும் விலையையும் பார்த்துத்தான் நம் மார்க்கத்தை மதிப்பிடுவார்கள். மொழி தெரியாதவருக்கு ஒரு விலை, தெரிந்தவருக்கு ஒரு விலை என்று வைப்போமானால் நம் நெற்றியின் தொழுகைத் தழும்பு அவர்களுக்கு என்ன பாடம் சொல்லும்?

ஆகவே கடையில் நிற்கும் பையனுக்கு விற்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன், குறையைச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். ஹப்ஸ் அவர்களுக்கு நேர்ந்த மறதி எவருக்கும் நேரலாம். ஆகையால் பழுதுச் சரக்கை நல்ல சரக்கோடு கலக்காமல் தனியாக அடுக்கி, பழுதை எழுதி மேலேயே வையுங்கள். தவறிப்போய் விற்றுவிட்டால், ஆள் கிடைத்தால் பணத்தைக் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தை ஏழைகளுக்குச் சேர்த்துவிடுங்கள். வீட்டிலுள்ள தாய்மார்களும், இன்று எவ்வளவு லாபம் என்று கேட்பதோடு, அது எப்படி வந்தது என்றும் அன்போடு கேட்கட்டும்.

திரும்பி வராத வாடிக்கையாளரும் ஒருநாள் திரும்பி வருவார். மஹ்ஷர் மைதானத்தில் நம்மைத் தேடி வருவார். அந்த நாளில் அவர் முன்னால் தலைகுனியாமல் நிற்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.